மானிட்டர் மூலையில் இருந்த முத்திரை

2003இல் எங்கள் பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. என் முறை வந்து உட்கார்ந்தால் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. பின்னால் பெரிய வயிறு வைத்த பழைய மானிட்டர். கண்ணாடிக்குக் கீழே, மூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர்: டிசிஓ 99. ரிசல்ட் வரும்வரை அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடல் பெயர் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போயிருந்தேன். உதிரிபாகத்துக்காக அண்ணன் அடுக்கி வைத்திருந்த பழைய மானிட்டர்களில் ஒன்றில் அதே ஸ்டிக்கர், பாதி உரிந்துபோய். "இது என்ன தம்பி, ரொம்ப பழைய மானிட்டர்ல எல்லாம் இருக்கு?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

டிசிஓ என்பது சுவீடனில் அலுவலக ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பு. 1980களில் அங்கே அலுவலகம் அலுவலகமாகக் கம்ப்யூட்டர் வந்தபோது, நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்தவர்கள் கண் எரிச்சல், தலைவலி, திரை நடுக்கம் என்று சங்கத்திடம் முறையிட்டார்கள். திரையிலிருந்து வரும் மின்காந்தப் புலம் உடம்புக்கு என்ன செய்யும் என்ற பயமும் இருந்தது, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு. 1990இல் அரசு சார்பில் எம்பிஆர் 2 என்று ஓர் அளவு வந்தது. திரையிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி வைத்து அளந்தால், குறைந்த அதிர்வெண் மின்புலம் மீட்டருக்கு 25 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

சங்கத்துக்கு அது போதவில்லை. டைப் அடிக்கிறவர் முகம் அதைவிட நெருங்கி இருக்கிறதே! அதனால் 1992இல் வந்த டிசிஓ 92 என்ற முத்திரை, திரைக்கு முன்னால் 30 சென்டிமீட்டரில் அளக்கச் சொன்னது. அளவும் 25 வோல்ட்டிலிருந்து 10 வோல்ட்டாக இறங்கியது. பக்கத்தில் வந்து அளந்தால் புலம் கூடுதலாகத்தான் காட்டும். அப்படியிருந்தும் எண்ணைக் குறைத்தார்கள். மானிட்டர் செய்யும் கம்பெனிகள் முனகினாலும், அந்த முத்திரை உள்ள மானிட்டரைத்தான் வாங்க வேண்டும் என்று அலுவலகங்கள் கேட்கக் கேட்க, வழிக்கு வந்தன. உலகச் சந்தைக்கு ஒரே மாதிரி செய்வதுதான் கம்பெனிக்கு லாபம். அப்படித்தான் சுவீடன் டைப்பிஸ்டுகள் கேட்ட மானிட்டர் லாரன்ஸ் ரோட்டு மாடிக்கும் வந்து சேர்ந்தது. 1995இல் வந்த அடுத்த பதிப்பில் சுற்றுச்சூழலும் சேர்ந்துகொண்டது. டிசிஓ 99 அதற்கும் அடுத்தது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 20 சென்டிமீட்டர் வித்தியாசம். எங்கே வைத்து அளப்பது என்பதை முடிவு செய்ய, அந்த இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த ஆளின் குரல் தேவைப்பட்டது.

சரி, அடிப்படைக்கு வருவோம். சான்று என்பது கடைசியில் ஒட்டும் ஸ்டிக்கர். அதற்குப் பின்னால் இருப்பதற்குத் தரநிலை என்று பெயர். பொருள் எப்படி இருக்க வேண்டும், அப்படி இருக்கிறதா என்று எப்படிச் சோதிக்க வேண்டும் என்று எழுதி வைத்த ஆவணம் அது. நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஹால்மார்க் நகை. 916 என்றால் எவ்வளவு தங்கம் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. உரசிப் பார்த்து முத்திரை இடுவது தனியாக இருக்கும் சோதனை மையம். விற்பது நகைக்கடை. மூன்றும் மூன்று கை. கடைக்காரரே எழுதி, கடைக்காரரே உரசி, கடைக்காரரே முத்திரை குத்தினால் வீட்டில் யாராவது வாங்குவார்களா?

எலக்ட்ரானிக்ஸில் அப்படியும் நிறைய நடக்கிறது. டப்பாவில் பச்சை இலை, சுழலும் அம்பு, "இயற்கைக்கு உகந்தது" என்ற வாசகம் எல்லாம் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. சார்ஜரில் இருக்கும் சிஇ குறியை நிறையப் பேர் தரச் சான்று என்று நினைக்கிறார்கள். அது ஐரோப்பியச் சட்டங்களுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் கொடுக்கும் உறுதிமொழி. பெரும்பாலான சார்ஜர்களுக்கு வெளியாள் யாரும் சோதித்திருக்க வேண்டியதில்லை. உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓ, கம்பெனி தானே சொல்லிக்கொள்வதையும் வெளியாள் சரிபார்ப்பதையும் தனித்தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கிறது. தானே சொல்லிக்கொள்வதற்கு 14021 என்ற ஆவணம். பொருளின் பிறப்பு முதல் குப்பை வரை பார்த்து, மூன்றாம் ஆள் சரிபார்த்துத் தரும் முத்திரைக்கு 14024. நான் இங்கே பேசுவது இரண்டாவது வகையைப் பற்றி. ஜெர்மனியின் நீலத் தேவதை, அமெரிக்காவில் பிறந்த எபீட், சுவீடனின் டிசிஓ சர்டிஃபைடு எல்லாம் இந்த வழியில் வருபவை.

இந்தத் தரநிலையை எழுதுவது எப்படி? "பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டும்" என்று எழுதினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், எல்லா போனும் பாஸ் ஆகிவிடும். "800 முறை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும், முதலில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதமாவது மிச்சம் இருக்க வேண்டும்" என்று எழுதினால்தான் ஆய்வகத்தில் பாஸா ஃபெயிலா என்று சொல்ல முடியும். இது 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் போன்களுக்குச் சட்டமாகவே ஆகிவிட்டது. ஒரு நல்ல ஆசையை எண்ணாகவும் சோதனை முறையாகவும் மாற்றுவதுதான் தரநிலை எழுதுகிறவர்களின் முக்கால்வாசி வேலை.

எண்ணைவிட அதைச் சுற்றியிருக்கும் வார்த்தை இன்னும் முக்கியம். இதைக் கடையில் அண்ணன் மேஜைமேல் இருந்த, பற்றவைக்கும் ஈயக் கம்பிச் சுருளை வைத்தே காட்டினேன். 60/40 என்று போட்டிருக்கும். 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். எலக்ட்ரானிக்ஸில் காரீயம் 0.1 சதவீதத்துக்குமேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பாவில் 2006 முதல் சட்டம். நம் நாட்டு மின்கழிவு விதிகளிலும் அதே எண் இருக்கிறது. இப்போது ஒரு கிலோ எடையுள்ள கருவியை எடுத்துக்கொள்வோம். அதில் இந்தக் கம்பி 2 கிராம் உருகி இருக்கிறது என்றால் காரீயம் 0.8 கிராம். மொத்த எடையில் 0.08 சதவீதம்தான். பாஸ்! ஆனால் விதியில் "பொருளின் எடையில்" என்று எழுதவில்லை. "ஒருபடித்தான மூலப்பொருள் ஒவ்வொன்றின் எடையில்" என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது கையாலோ கருவியாலோ மேற்கொண்டு பிரிக்க முடியாத ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கு. ஒயர் உறை தனி, பிளாஸ்டிக் மூடி தனி, உருகி உறைந்த ஈயம் தனி. அப்போது அந்த ஈயத்தில் காரீயம் 40 சதவீதம், அனுமதித்ததைப்போல 400 மடங்கு. ஃபெயில். அந்த ஓரிரு வார்த்தைக்காக யாரோ ஒரு கூட்டத்தில் விடாமல் வாதாடியிருக்க வேண்டும்.

ரசாயனத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிப்காட் ரசாயன ஆலைகளின் பக்கத்தில் வாழும் ஊர்க்காரன் என்பதால் இது என்னை ரொம்பவே தொடுகிறது. தடைப் பட்டியல் போட்டால், அதில் இருக்கும் ரசாயனத்தை எடுத்துவிட்டு அதன் பங்காளி ஒன்றைப் போடுவார்கள். பெயர் வேறு, கெடுதல் அதே. பிளாஸ்டிக் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் தீத்தடுப்பு ரசாயனங்களில் இந்த விளையாட்டு ரொம்ப காலம் நடந்தது. அண்ணனை விரட்டினால் தம்பி வந்து உட்காருவான். டிசிஓ சர்டிஃபைடு இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. தீத்தடுப்பு ரசாயனம் போன்ற சில இனங்களுக்குத் தடைப் பட்டியலுக்குப் பதில் அனுமதிப் பட்டியல். நச்சியல் அறிஞர்கள் ஆராய்ந்து, ஆபத்து குறைவு என்று சொன்னவை மட்டும் பட்டியலில் ஏறும். ஏறாத எதையும் போடக் கூடாது. கெடுதல் இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு ரசாயனத்தைப் போடுகிறவருக்கு வந்துவிடுகிறது. எல்லாத் தரநிலையிலும் இந்த முறை வர வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்தது, இதை எழுத உட்காருவது யார் யார்?

ஜெர்மனியின் நீலத் தேவதை 1978இல் தொடங்கியது. அங்கே மத்திய சுற்றுச்சூழல் முகமை வரைவை எழுதும். ரால் என்ற அமைப்பு தயாரிப்பாளர், வல்லுநர், மற்றவர்களை ஒன்றாகக் கூட்டி வைத்து விசாரிக்கும். கடைசி முடிவு ஒரு நடுவர் குழுவின் கையில். அதில் சுற்றுச்சூழல் அமைப்பு, நுகர்வோர் அமைப்பு, தொழிற்சங்கம், தொழில்துறை, வணிகர், உள்ளாட்சி, ஊடகம் எல்லாருக்கும் இடம் உண்டு. தேவாலயத்துக்குக்கூட ஒரு நாற்காலி. பிரிண்டரின் டோனர் தூசி பற்றி முடிவெடுக்கும் இடத்தில் தேவாலயத்துக்கு என்ன வேலை என்று முதலில் எனக்கும் தோன்றியது. விற்கிறவர் மட்டும் கூடி முடிவெடுக்காமல் இருக்க, விற்காத ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும் நல்லதுதான்.

தயாரிப்பாளரை வெளியே நிறுத்தவும் முடியாது. தொழிற்சாலையில் எது நடக்கும், எது நடக்காது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் இல்லாமல் எழுதினால் யாருமே பாஸ் ஆகாத தரநிலை வரும், அதனால் ஒருவருக்கும் பயன் இல்லை. அவர் எண்ணிக்கை கூடிப்போனால் எல்லாருமே பாஸ் ஆகிற தரநிலை வரும். அமெரிக்காவில் எபீட் முத்திரைக்கு அடிப்படையான தரநிலையைத் திருத்தும் வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. வாக்களிக்கும் இடத்தில் தயாரிப்பாளர் கை ஓங்கியதால், பழுதுபார்க்க வசதியான விதிகள் வலுவிழந்தன என்று அங்குள்ள பழுதுநீக்குவோர் சங்கம் 2017இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. குழுவில் உட்காரப் பயணச் செலவு, நேரம், சம்பளம் எல்லாம் வேண்டும். பெரிய கம்பெனிக்கு அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ரிப்பேர் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுத்தான் வர வேண்டும்.

பாதிக்கப்படுகிறவர் அளக்கும் இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கடலூர் ஏற்கனவே பார்த்திருக்கிறது. சிதம்பரம் சாலையில், உப்பனாற்றங்கரை ஓரமாக நீளும் சிப்காட் ஆலைகளுக்குப் பக்கத்தில் குடிகாடு, ஈச்சங்காடு போன்ற கிராமங்கள் இருக்கின்றன. 2004இல் அந்தப் பகுதி மக்கள் தாங்களே சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி எடுத்துக்கொண்டார்கள். இன்று அழுகின முட்டை நாற்றமா, நெயில் பாலிஷ் வாடையா, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் என்று குறித்து வைத்தார்கள். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் வாளி. உள்ளே தனி வகைப் பை ஒன்றைப் பொருத்தி, காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கலிபோர்னியாவில் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்து மக்களுக்காக உருவான எளிய கருவி அது. ஆலை தன் காற்றைத் தானே அளந்து சொன்ன இடத்தில், அந்தக் காற்றைச் சுவாசித்தவரே அளவெடுக்க ஆரம்பித்தார். மூன்றாம் ஆள் சரிபார்ப்பது என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், எந்த ஐஎஸ்ஓ எண்ணுக்கும் முன்னால் எனக்கு அந்த வாளிதான் ஞாபகம் வருகிறது.

குழு எழுதிய வரைவு அப்படியே தரநிலை ஆகிவிடாது. அதைப் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். உலக வணிக அமைப்பின் ஒப்பந்தத்தில் தரநிலை எழுதுவோருக்கான நன்னடத்தை விதி இருக்கிறது. குறைந்தது 60 நாளாவது கருத்துக்கு விட வேண்டும் என்று அது சொல்கிறது. வந்த கருத்து ஒவ்வொன்றையும் படித்து, ஏற்றால் ஏன், ஏற்காவிட்டால் ஏன் என்று பதில் எழுத வேண்டும் என்பது நல்ல நடைமுறை. நம் தர நிர்ணய அமைப்பும் வரைவுகளைத் தன் தளத்தில் போட்டுக் கருத்துக் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். பட்டம் கேட்பதில்லை.

எழுதி முடித்தபின் சோதனை. பொருளைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு 17025 என்ற ஐஎஸ்ஓ தகுதி வேண்டும். சான்று கொடுக்கும் அமைப்புக்கு 17065. அதாவது சோதிக்கிறவரையும் யாரோ சோதித்திருக்க வேண்டும். டிசிஓ முறையில் சான்று கிடைப்பதற்கு முன்பே வெளியாள் பார்த்துவிடுவார். எபீட் முறையில் பதிவுக்குப் பிறகும் திடீர் திடீரென்று பொருட்களை எடுத்துச் சரிபார்த்து, தவறினவர் பட்டியலை வெளியிடுவார்கள். இரண்டிலும் கட்டணம் கட்டுவது தயாரிப்பாளர்தான். இது உறுத்தலான விஷயம், மூடி மறைக்க வேண்டியதில்லை. சோதிக்கிறவர் அதே கம்பெனிக்கு ஆலோசகராக இருக்கக் கூடாது என்பது போன்ற தடுப்புகளைப் போட்டுத்தான் இதைச் சமாளிக்கிறார்கள். வாங்குவதற்கு முன் ஒரு முத்திரையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால், நான் இதைத்தான் கேட்பேன்: சோதித்தது யார்?

எபீட் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். 2006இல் அது தொடங்கியபோது மொத்தம் 51 விதிகள். 23 கட்டாயம், 28 விருப்பம். கட்டாயத்தை மட்டும் முடித்தால் வெண்கலம், விருப்பத்தில் பாதியும் சேர்ந்தால் வெள்ளி, முக்கால்வாசி என்றால் தங்கம். அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு அலுவலகங்கள் வாங்கும் கம்ப்யூட்டர்களில் 95 சதவீதம் இந்தப் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும் என்று அதிபர் ஆணை வந்தது. 2012 ஜூனில் ஆப்பிள் தன் 39 பொருட்களைப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டது. அப்போதுதான் வந்திருந்த மெல்லிய மேக்புக்கில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், எளிதாகப் பிரிக்க முடிய வேண்டும் என்ற விதியோடு அது மோதும் என்று பேச்சு எழுந்தது. உடனே சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம் மேக் வாங்குவதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஜூலை 13ஆம் தேதி ஆப்பிள், விலகியது தவறு என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதித் திரும்பி வந்தது. சட்டம் எதுவும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, வாங்குகிறவர்கள் கேட்டார்கள். நம் ஊர்க் கல்லூரிகளும் நகராட்சிகளும் டெண்டரில் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று எழுதும் இடத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

எழுதிய தரநிலைக்கும் வயதாகும். அதனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும். டிசிஓ சர்டிஃபைடு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுத் தலைமுறை கொண்டுவருகிறது. 2018இல் எட்டாவது, 2021இல் ஒன்பதாவது, 2024இல் பத்தாவது. திரையின் மின்புலத்தில் ஆரம்பித்தவர்கள், இன்று கருவியைப் பொருத்தும் தொழிலாளியின் வேலை நேரம், கழற்றி மாட்டும் வசதி, தாதுச் சுரங்கம் வரை வந்திருக்கிறார்கள்.

இந்தியாவிலும் 1991இலேயே ஈகோமார்க் என்று ஒரு முத்திரை வந்தது. அதன் சின்னம் ஒரு மண்பானை. மண்ணில் பிறந்து மண்ணுக்கே போகும் பொருள். இதைவிட நல்ல சின்னம் யோசிக்க முடியுமா? பொருள் வகைகளில் எலக்ட்ரானிக்ஸும் இருந்தது. ஆனால் அந்தப் பானையைக் கடையில் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. கம்பெனிகள் கேட்டு வரவில்லை, வாங்குகிறவர்களும் தேடவில்லை. ஃபிரிட்ஜ், ஏசியில் இருக்கும் நட்சத்திரம் மட்டும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அது மின்சாரச் செலவை மட்டும்தான் சொல்லும், கழற்ற முடியுமா, உள்ளே என்ன ரசாயனம் என்றெல்லாம் சொல்லாது. 2024இல் ஈகோமார்க்குக்குப் புது விதிகள் வந்திருக்கின்றன. இந்த முறையாவது பானை கடைக்கு வர வேண்டும். 2022இல் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் உள்ளது 22.3 சதவீதம்தான் என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. மீதியில் ஒரு பகுதி கடைசியில் காயலான் கடையில் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பவரின் மூச்சுக்குத்தான் போகிறது.

இவ்வளவும் கேட்ட அண்ணன், கையில் இருந்த லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். பேட்டரி பசையால் ஒட்டிக் கிடந்தது. "புளோயர் வெச்சு சூடு காட்டி நெம்பணும் தம்பி. கொஞ்சம் தப்புனா பேட்டரி உப்பிடும், தீயே பிடிச்சிரும். அந்த அறுபது நாள்ல நான் எழுதலாம்னா, ஒட்டாதீங்கன்னு எழுதுவேன்."

"ஒட்டாதீங்கன்னா, இது பசை இல்ல, டேப்புன்னு சொல்லிடுவாங்கண்ணே" என்றேன். கொஞ்சம் யோசித்தார். பில் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் இரண்டு பேருமாக எழுதினோம்: 'கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால், சூடு காட்டாமல், ரசாயனம் ஊற்றாமல், பேட்டரியைக் கழற்ற முடிய வேண்டும்.' ஐரோப்பிய பேட்டரிச் சட்டத்தில் 2027 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வரும் விதியிலும் கிட்டத்தட்ட இதே வாசகம்தான் இருக்கிறது என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நேரமும் போடணும் தம்பி. பத்து நிமிஷம்."

"யாரோட பத்து நிமிஷம்ணே? உங்க கையா, என் கையா?"

பதில் சொல்லாமல் எழுந்து போனார். திருகாணி போட்ட பழைய லேப்டாப் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து என் முன்னால் கவிழ்த்து வைத்தார். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அதுவரை ஒரு லேப்டாப்பையும் கழற்றியதில்லை. பேட்டரி கையில் வந்தபோது 14 நிமிடம் ஆகியிருந்தது. அவர் பில் புத்தகத்தில் பத்தை அடித்துவிட்டு, 'பழக்கமில்லாத ஆள், 14 நிமிடம்' என்று எழுதினார்.